திருடனுக்குப் பூட்டா, உடையவனுக்குப் பூட்டா?

பூட்டுக்கு இரண்டு கடமைகள் உண்டு. திருடனைத் தடுப்பது ஒன்று. உடையவனுக்கு வழிவிடுவது மற்றொன்று. முதல் கடமை மட்டும் போதுமென்றால் பூட்டே வேண்டியதில்லை. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம். எந்தத் திருடனும் நுழைய மாட்டான். வீட்டுக்காரரும் நுழைய மாட்டார். சுவருக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த இரண்டாவது கடமைதான்.

இந்தப் பால பாடத்தை மோட்டார் கார் செய்கிறவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் குற்றம் சாட்டுகிறேன். தொழிற்சாலையிலேயே காருக்குள் ஒரு காவல்காரனை வைத்து அனுப்புகிறார்கள். 'இம்மொபிலைசர்' என்று அவனுக்குப் பெயர். அசையவிடாமல் செய்கிறவன் என்று பொருள். திருடன் வந்தால் அசையவிடக் கூடாது, சரி. ஆனால் அந்தக் காவல்காரனுக்கு என்றைக்காவது பார்வை மங்கினால், எஜமானனையே திருடன் என்று நினைத்துக்கொண்டு வழிமறிக்கிறான். ஏன் மறிக்கிறான், எப்படிச் சமாதானம் செய்வது என்று எஜமானனுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கேட்டால், 'அது ரகசியம். பாதுகாப்பு விஷயம்' என்கிறார்கள். யாருடைய பாதுகாப்பு? யாரிடமிருந்து ரகசியம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கேட்கத்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பூட்டுக்கு விரோதி அல்ல. இந்தக் காவல்காரனால் விளைந்த நன்மை கொஞ்சநஞ்சமன்று. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய நாடுகளில் புதிதாக விற்கும் ஒவ்வொரு காரிலும் இவன் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஹாலந்து தேசத்துக் கணக்குகளை வைத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 1995-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தச் சாதனத்தால் கார்த் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள்.

இவன் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு மாடல்களை எடுத்துக்கொண்டால், மற்ற கம்பெனிகளின் கார்களில் 96 சதவீதத்தில் இந்தக் காவல் இருந்தது. ஹூண்டாய், கியா என்ற இரண்டு பெயர்களில் வந்தவற்றில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. சில்லறைச் செலவை மிச்சம் பிடித்ததன் பலன் சில வருஷங்களில் தெரிந்தது. 2021-ல் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் அந்தக் கார்களின் ஸ்டியரிங் மூடியைப் பெயர்த்து, செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியின் முனையைச் செருகித் திருகியே வண்டியைக் கிளப்பினார்கள். அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். நாடு முழுவதும் அந்த வித்தை பரவிற்று. 2023-ல் அரசாங்கத்துச் சாலைப் பாதுகாப்பு இலாகா, இதனால் 14 விபத்துகளும் 8 சாவுகளும் நேர்ந்தன என்று அறிவித்தது. 83 லட்சம் கார்களுக்குக் கம்பெனிகள் இலவசமாகப் பரிகாரம் செய்து தர வேண்டியதாயிற்று. ஆகவே காவல் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை காவலோடு அன்று. காவலைப் போர்த்தியிருக்கும் மௌனத்தோடு.

அந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதில் மந்திரம் ஏதுமில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1986-ஆம் ஆண்டுக் கார்வெட் காரில் ஒரு புது விதச் சாவியைக் கொடுத்தது. சாவியின் தண்டில் மிளகு போல ஒரு சிறு கறுப்புத் துண்டு பதித்திருக்கும். மின்சாரத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் தடுக்கும் துண்டு அது. அதில் 15 அளவுகள் உண்டு. சாவியின் பல் பொருந்தினால் மட்டும் போதாது. துண்டின் அளவும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வண்டி கிளம்பாது. மறுபடி முயல்வதற்கு இரண்டு முதல் நான்கு நிமிஷம் வரை காத்திருக்க வேண்டும். இந்த நிமிஷக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் வாதம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

அடுத்து, 1990-களின் நடுவில், அதே கம்பெனி 'பாஸ்லாக்' என்ற முறையைக் கொண்டு வந்தது. இதில் சாவி சாதாரண இரும்புச் சாவிதான். சூட்சுமம் சாவித் துவாரத்தில் இருக்கிறது. சரியான சாவி அதைத் திருப்பும்போது உள்ளே ஒரு காந்தம் ஓர் உணர்கருவியைக் கடந்து போகும். கருவி ஒரு சங்கேதத்தை வண்டியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திருடன் துவாரத்தை உடைத்துத் திருப்பினால் சங்கேதம் பிசகும். கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். என்ஜின் ஓரிரு விநாடி உறுமிவிட்டு அடங்கிப்போகும்.

மூன்றாவது விதம்தான் இன்று எங்கும் பரவியிருப்பது. சாவியின் தலைக்குள் அரிசி மணி போல ஒரு சில்லு இருக்கும். அதற்குச் சொந்தமாக மின்கலம் கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து சக்தியை வாங்கிக்கொண்டு, தன் அடையாளத்தைச் சொல்லும். நம் ஊரில் விற்கும் கார்கள் பலவற்றின் சாவியிலும் இது இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சாவியிலும் இருக்கலாம்.

எல்லாம் கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் துண்டில் அழுக்குப் படிகிறது. துவாரத்தின் உள்பாகம் தேய்கிறது. மெல்லிய கம்பி நைந்துபோகிறது. மின்கலம் வலுவிழக்கிறது. அப்போது என்ன நடக்கிறது?

ஓஹியோ மாநிலத்தில் ஒரு தாதி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு உரிமை உண்டு. ஜனவரி மாதம், பனி கொட்டுகிறது, இரவு நேர வேலைக்குப் புறப்படுகிறாள். அவளிடம் இருப்பது பழைய செவர்லே கார். அவளுடைய கார், அவளுடைய சாவி. திருப்புகிறாள். என்ஜின் உயிர் பெற்று, ஒரு விநாடியில் செத்துப்போகிறது. மறுபடி திருப்புகிறாள், மறுபடி அதே கதை. எதிரே 'செக்யூரிட்டி' என்ற எழுத்துள்ள விளக்கு மினுக்குகிறது. அதற்கு என்ன அர்த்தம்? பெட்ரோல் இல்லையா? என்ஜின் கெட்டதா? தெரியாமல் அவள் பத்துத் தடவை திருப்புகிறாள். நன்றாக இருந்த மின்கலமும் தீர்ந்துபோகிறது. பிறகு இழுவை வண்டி வருகிறது. அதற்குக் கூலி. மறுநாள் கம்பெனி முகவரின் பட்டறை, அங்கே கூலி. அவளுக்காக விடிய விடிய காத்திருந்த நோயாளிகளுக்கு யார் பதில் சொல்வது?

அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பாஸ்லாக் உள்ள பல கார்களில், ஒரு தடவை கிளப்ப முயன்றுவிட்டு, என்ஜின் அடங்கியதும் சாவியை அணைக்காமல் 'ஆன்' நிலையிலேயே விட வேண்டும். சுமார் 10 நிமிஷத்தில் மினுக்குகிற விளக்கு அணையும். பிறகு சாவியை அணைத்துச் சிறிது பொறுத்து, மறுபடி அதே போல் செய்ய வேண்டும். இப்படி மூன்று தடவை. மொத்தம் அரை மணி. அதற்குள் கம்ப்யூட்டர் பழைய சங்கேதத்தை மறந்து புதிய சங்கேதத்தை ஏற்றுக்கொள்ளும். கார் கிளம்பிவிடும். உணர்கருவியே கெட்டிருந்தால் கோளாறு திரும்பி வரும். அப்போது கருவியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அன்றிரவு அவள் வேலைக்குப் போயிருப்பாள்.

வாகன உடைமையாளருக்குக் கொடுக்கும் கைப்புத்தகத்தில், விளக்கு மினுக்கினால் 10 நிமிஷம் பொறுத்திரு என்ற அளவுக்கு ஒரு வரி உண்டு. அதோடு சரி; பிறகு முகவரைப் பார் என்கிறது. அந்த 10 நிமிஷத்துக்கு என்ன பொருள், மூன்று தடவை செய்தால் என்ன ஆகும் என்ற முழு வைத்தியமும் பட்டறைக்காரனின் புத்தகத்துக்குப் போய்விட்டது. நோயாளிக்கு மருந்தின் பெயரைச் சொல்லாத வைத்தியர்கள் முன்பு இருந்தார்கள். அவர்களை நாம் கண்டித்தோம். யந்திர வைத்தியர்களை மட்டும் ஏன் வணங்க வேண்டும்?

இங்கேதான் நிமிஷக் கணக்கை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அரை மணி நேரம் பொறுத்தால் திறக்கும் பூட்டு எவ்வளவு அருமையான கற்பனை! திருடனுக்கு எல்லாம் இருக்கிறது: கருவி இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, சாமர்த்தியம் இருக்கிறது. அவனிடம் இல்லாத ஒரே பொருள் நேரம். நடுத்தெருவில் அடுத்தவன் காரில் விளக்கு அணையும் வரை அரை மணி உட்கார்ந்திருக்க எந்தத் திருடனுக்கும் நெஞ்சு துணியாது. உடையவனிடம் வேறு எது இல்லாவிட்டாலும் அந்த அரை மணி இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த என்ஜினீயர் யாரோ, அவர் மனித சுபாவம் அறிந்தவர். நாவல் எழுதியிருக்க வேண்டியவர். ஆனால் அவர் உடையவனுக்காக வைத்த வாசலை, அவர் வேலை பார்த்த ஸ்தாபனமே உடையவனுக்குக் காட்டாமல் விட்டுவிட்டது.

உடைமையாளருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். அதிகமில்லை, ஒரே பக்கத்தில் அடங்கும். முதலில், ஸ்டார்ட்டர் சுழல்கிறதா என்று பார். சுழலவே இல்லை, விளக்குகளும் மங்குகின்றன என்றால் காவல்காரன் மீது பழி போடாதே, மின்கலத்தைக் கவனி. சுழல்கிறது, என்ஜின் பிடித்து உடனே அடங்குகிறது என்றால் காவல் விளக்கைப் பார். ஃபோர்டு கார்களில் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு இரண்டு மூன்று விநாடி எரிந்து அணைந்தால் சுகம். வேகமாக மினுக்கினால் சாவியை அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்து, இன்னொரு சாவியைப் போட்டுப் பார். அதற்குக் கிளம்பினால் கோளாறு காரில் இல்லை, பழைய சாவியில். சாவிக் கொத்தில் வேறு காரின் சில்லுச் சாவி இருந்தால் கழற்றி வை; ஒன்றின் பேச்சு மற்றொன்றைக் குழப்பும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார் என்றால், கைச்சாவியின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். அதற்கென்று காரில் ஓர் இடம் குறித்திருப்பார்கள். அங்கே சாவியை ஒட்டிப் பிடித்தால், அதன் மின்கலம் செத்திருந்தாலும் சில்லு பேசும். இவ்வளவுதான் சங்கதி. இதில் எந்த வரி திருடனுக்கு உபயோகம்? எதுவுமில்லை. ஒவ்வொரு வரியும் கையில் சாவி உள்ளவனுக்கே பயன்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபோர்டு கார்கள் பலவற்றில், வேலை செய்யும் சாவி இரண்டு இருந்தால் மூன்றாவது சாவிக்கு உடைமையாளரே பாடம் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒரே சாவிதான் மிஞ்சியிருக்கிறதென்றால் முடியாது. அதற்கென்று கருவி உள்ளவரைத் தேடிப் போக வேண்டும். விதியில் நியாயம் உண்டு. ஒரு மணி நேரம் சாவியை வாங்கிப் போகிறவன் தனக்கொரு சாவி செய்துகொள்ளக் கூடாதல்லவா? ஆனால் பழைய கார் வாங்குகிற எளியவர் கையில் பெரும்பாலும் ஒற்றைச் சாவிதான் வந்து சேர்கிறது. இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள் என்று விற்கிறவர் அவருக்குச் சொல்வாரா? சாவி தொலைந்த பிறகுதான் அவர் பாடம் படிக்கிறார். பாடத்துக்குச் சம்பளமும் கட்டுகிறார்.

இந்த மௌனம் சட்டத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-ல் வாக்களித்து, காரைப் பழுதுபார்க்கும் விவரங்களைச் சுதந்திரப் பட்டறைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டினார்கள். நல்ல சட்டம். ஆனால் அது அமலுக்கு வந்த வடிவத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: இம்மொபிலைசரைத் திருத்தி அமைக்கும் விவரத்தைப் பொதுவில் கொடுக்க வேண்டியதில்லை, அதைப் பதிவு பெற்ற தொழிலாளிகளுக்கான தனி வழியில் பெற்றுக்கொள்ளலாம். பூட்டுத் தொழிலாளியைப் பதிவு செய்து, யார் எந்தச் சாவியின் குறியீட்டை வாங்கினார் என்று கணக்கு வைப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. புதுச் சாவி செய்யும் அதிகாரம் கண்டவர் கைக்கும் போகக் கூடாதுதான். ஆனால் புதுச் சாவி செய்வது வேறு. இருக்கிற சாவி ஏன் வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்வது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'ரகசியம்' என்று முத்திரை குத்துவதுதான் சூது.

'உடையவனிடம் சொன்னால் திருடனிடமும் சொன்னதாகும்' என்று கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். புதிதாக ஏதோ கண்டுபிடித்துச் சொல்வது போலச் சொல்கிறார்கள். இந்த வாதத்துக்கு நரை விழுந்து எவ்வளவோ காலமாயிற்று.

1851-ல் லண்டனில் மகா பொருட்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் அங்கே வந்தார். யாராலும் திறக்க முடியாது என்று பெயர் பெற்ற சப் கம்பெனிப் பூட்டைத் திறந்தார். 200 கினி பந்தயம் கட்டி, பல வருஷமாகக் கடை ஜன்னலில் வைத்திருந்த பிராமா பூட்டையும் 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். ஊரே கூச்சலிட்டது: இப்படிப் பகிரங்கமாக்கலாமா, திருடர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று. அவருடைய பதிலின் சாரம் இது: திருடர்கள் தங்கள் தொழிலில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள், நாம் சொல்லித்தான் அவர்கள் கற்க வேண்டும் என்பதில்லை, தெரியாமல் ஏமாறுகிறவன் பூட்டை விலை கொடுத்து வாங்கியவன்தான்.

அந்தச் சப் பூட்டைப் பற்றி ஒரு சுவையான விவரம் உண்டு. 1818-ல் ஜெரமையா சப் அதைச் செய்தார். கள்ளச் சாவி போட்டால் அது கோபித்துக்கொண்டு இறுகிவிடும். பிறகு உண்மைச் சாவிக்கும் உடனே திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடையவருக்கு அப்படித் தெரியப்படுத்தும். இறுகிய பூட்டைத் தளர்த்த முதலில் தனியாக ஒரு சாவி கொடுத்தார்கள். 1824-ல் அதையும் எளிதாக்கினார்கள்; சொந்தச் சாவியை எதிர்ப்பக்கம் ஒரு தடவை திருப்பினால் பூட்டின் கோபம் தணியும். கவனியுங்கள்: கோபித்துக்கொள்ளும் பூட்டைச் செய்தவர், அதைச் சமாதானம் செய்யும் உபாயத்தையும் உடையவர் கையிலேயே கொடுத்தார். 200 வருஷத்துக்கு முந்தைய கருமானுக்கு இருந்த மரியாதை இன்றைய கம்ப்யூட்டர் நிபுணனுக்கு இல்லாமல் போனதேன்?

1883-ல் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியாசிரியர், ராணுவச் சங்கேதங்களைப் பற்றி எழுதும்போது ஒரு நெறி வகுத்தார். சாதனத்தின் அமைப்பு எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதல் வரக் கூடாது. ரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும். இந்த நெறியைச் சங்கேத சாஸ்திரம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் அறிவான். கார்க் கம்பெனிகள் அறியாமல் இல்லை, அறிந்தும் மீறுகின்றன.

மீறியதன் பலனைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் முதலிய பல கார்களில் இருந்த ஒரு சில்லில் பலவீனம் இருப்பதைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூவர் கண்டார்கள். சில்லு செய்தவர்களிடம் 2012-லேயே தெரிவித்தார்கள். 2013-ல் கட்டுரை வெளியிடப் போனபோது, லண்டன் உயர் நீதிமன்றத்தில் கம்பெனி தடையுத்தரவு வாங்கிற்று. இரண்டு வருஷம் கழித்து, 2015-ல், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டுக் கட்டுரை வெளிவந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சில்லின் சூத்திரத்தை உள்ளடக்கிய மென்பொருள் 2009 முதலே விலைக்குக் கிடைத்து வந்தது. வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் வாய்ப்பூட்டுப் போட்டது யாருக்கு? திருடனுக்கா? காரை வாங்கி, அது பத்திரம் என்று நம்பித் தூங்கிக்கொண்டிருந்தவருக்குத்தான்.

ஆகவே என் கோரிக்கை எளியது. காவல் பூட்டு இருக்கட்டும். இன்னும் பலமாக இருக்கட்டும். ஆனால் காரை விற்கிறவன் அதோடு கூட ஒரு பக்கத்தையும் விற்க வேண்டும். எந்த விளக்குக்கு என்ன அர்த்தம், எத்தனை நிமிஷம் பொறுக்க வேண்டும், இரண்டாவது சாவி ஏன் அவசியம், எந்த இடத்தில் என் முயற்சி முடிந்து நிபுணரின் வேலை தொடங்குகிறது என்று அந்தப் பக்கம் எனக்குத் தாய்மொழியில் சொல்ல வேண்டும். 'முகவரை அணுகவும்' என்ற இரண்டு சொல் விளக்கமாகாது. அது வசூலுக்கு அனுப்பும் ஓலை.

இது கார் வைத்திருக்கிறவர்களின் பிரச்சினை, எனக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். இனி நம் வீட்டுக் கதவும் பணப்பெட்டியும் இதே பாஷைதான் பேசப்போகின்றன. விலை கொடுத்து வாங்கிய பொருள் நம்மைச் சந்தேகப்படலாம். அது யந்திரம், அதற்கு முகம் தெரியாது. ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் கேட்கும்போது, அதைச் செய்தவன் மறைத்து வைத்தால், அந்தப் பொருளுக்கு உண்மையான சொந்தக்காரன் நாமல்ல, அவன்தான். பணத்தைக் கொடுத்தவன் நாம். சாவியை வைத்திருப்பவன் அவன். இந்தப் பேரத்துக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பெயர் வியாபாரம் அல்ல.